தோல் கடை போட்டேன், செருப்பு சேந்துச்சு

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மயிலாப்பூர்ல ஒரு பஜனை மண்டபத்துல கைவினைப் பொருள் கண்காட்சி. அங்க ஒரு மேஜை போட்டு, நான் செஞ்ச தோல் சாமானையெல்லாம் அடுக்கி வெச்சு, வித்துட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்.

இதுல சொதப்ப என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன்.

என்னைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. வாரநாள்ல ஆபீஸ்ல உக்காந்து அடுத்தவங்க கார் இடிச்ச கதையைப் படிச்சு, இன்சூரன்ஸ் குடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கறவன். சனி ஞாயிறுல தோல் தைக்கிறவன். பெரியமேடு போய் துண்டுத் தோல் வாங்கிட்டு வருவேன். வெட்டுவேன், ஓட்டை போடுவேன், மெழுகு நூலை ரெண்டு ஊசில கோத்து எதிரும் புதிருமா தைப்பேன். பர்ஸ், பெல்ட், கண்ணாடிக் கூடு, கீசெயின், எல்லாமே கையால.

இதுவரைக்கும் முன்பின் தெரியாத ஒருத்தர் கூட என்கிட்ட காசு குடுத்து ஒண்ணும் வாங்கினதில்ல. எல்லாம் சொந்தக்காரங்களுக்கு சும்மா குடுத்ததுதான். காதுகுத்து, கிரகப்பிரவேசம்னு எங்க போனாலும் பர்ஸா நீட்டி நீட்டி, இப்ப என் பையைப் பாத்தாலே "எங்ககிட்ட இருக்குப்பா"ன்னு முந்திக்கிட்டு சொல்றாங்க.

வீட்டுக்காரி சுமதி சோப்பு செய்யறா. வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா. அவளுக்கு வாடிக்கை இருக்கு. அந்த வித்தியாசத்தை இங்கயே சொல்லிடறேன், எப்படியும் அவ கமெண்ட்ல வந்து சொல்லுவா.

எங்க மந்தைவெளி ஃப்ளாட்ல பால்கனியை அடைச்சு ஒரு சின்ன ரூம் பண்ணியிருக்கோம். அதுலதான் என் தோலும் இருக்கு, அவ சோப்பும் காயுது. பிரச்சனை அதுலதான். சோப்பு வாசனை தோலுக்கு வந்தா யாரும் கவலைப்படப் போறதில்ல. தோல் வாசனை சோப்புக்குப் போயிடுச்சு. மேல் வீட்டம்மா ரோஜா சோப்பைத் திருப்பிக் குடுத்துட்டு, "குளிச்சுட்டு வந்தா செருப்புக் கடைக்குள்ள போயிட்டு வந்தா மாதிரி இருக்கு சுமதி"ன்னு சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி சுமதி ஒரு பந்தயம் வெச்சா.

"ரெண்டு பேரும் இந்தக் கண்காட்சில கடை போடுவோம். முடிஞ்சப்புறம் யாரு அதிகமா வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றாங்களோ, அவங்க ரூமைக் காலி பண்ணணும். சம்மதமா?"

சம்மதம்னேன். ரூம் போச்சுன்னா எனக்குக் கட்டிலுக்கு அடில இருக்கற எடம்தான் மிச்சம். அங்க ஏற்கனவே அவங்கம்மா குடுத்த பாத்திரமெல்லாம் இருக்கு.

என்கிட்ட ஒரு தைரியம் இருந்துச்சு. அதுதான் அதிர்ஷ்ட எண் கீசெயின்.

இந்த யோசனை எனக்கு வந்த விதம் கொஞ்சம் அசிங்கமானது. தோல்ல பேர் அடிச்சுக் குடுத்தா விக்கும்னு எழுத்து அச்சு ஆர்டர் பண்ணேன். பார்சலைப் பிரிச்சா உள்ள எண் அச்சு. கடைக்காரன் மேல தப்பில்ல, நான்தான் போன்ல தப்பா அமுக்கியிருக்கேன். திருப்பி அனுப்பலாம்னா கெடு முடிஞ்சு போச்சு. ஒரு வாரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பதான், நம்ம ஊர்ல பிறந்த தேதியைக் கூட்டிப் பாக்காம யாரும் பைக் நம்பர் கூட வாங்கறதில்லையேன்னு தோணுச்சு.

வட்டமா வெட்டின தோல், மேல பித்தளை வளையம், நடுவுல பெருசா ஒரு எண். ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் செஞ்சேன். அஞ்சும் ஆறும் நல்லாப் போகும்னு சொன்னாங்க, அதை மட்டும் கொத்துக் கொத்தா அடிச்சேன். எட்டு ராசியில்லாத நம்பர்னு தெரியும். ஆனா தோல் மிஞ்சிப் போச்சு, அதனால எட்டும் கொஞ்சம் அடிச்சு வெச்சேன்.

பாக்க அது எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியல.

காலைல ஆட்டோவுல போய் எறங்கினோம். சுமதி கிட்ட ரெண்டு சோப்புப் பெட்டி, என்கிட்ட ஒரு பை. மாட வீதிக்குப் பின்னாடி இருக்கற சந்துல மண்டபம். வாசல்லயே மேனேஜர் வரதன் சார் நின்னுக்கிட்டு இருந்தாரு. சுமதி பெட்டியை மோந்து பாத்துட்டு, "பேஷ், உள்ள ஃபேனுக்குக் கீழ போட்டுக்கோங்கோ"ன்னு அனுப்பினாரு. என் பையை எட்டிப் பாத்தாரு.

"இது என்ன?"

"பர்ஸ், பெல்ட்டு சார். எல்லாம் நானே தெச்சது."

"தோலா? உள்ள சன்னதி இருக்கு சார். தோல் சாமானெல்லாம் உள்ள வரப்படாது."

"போன்ல சொன்னேனே சார்."

"கைவினைன்னேள். தோல்னு சொல்லலையே."

எனக்குக் கோபம் வந்துடுச்சு. அவரு இடுப்பைப் பாத்தேன். "சார், நீங்க போட்டிருக்கறது தோல் பெல்ட்டுதானே?"

அவரு கொஞ்சம் கூட அசரல. "அது என் இடுப்புல இருக்கு. மேஜைல இல்லையே."

நான் பையோட ஜிப்பை இழுத்து மூடினேன்.

பாவம்னு நெனச்சோ என்னவோ, "வாசல்லயே மேஜை போட்டுக்கோங்கோ. படிக்குப் பக்கத்துல. நல்ல எடம். உள்ள போறவா எல்லாரும் உங்களைத் தாண்டித்தான் போகணும்"னாரு. சுமதி என்னைத் திரும்பிப் பாத்து சிரிக்காம இருக்க ரொம்பப் பாடுபட்டா. அந்தச் சிரிப்பை உள்ள போய் சிரிச்சிருப்பா.

படிக்குப் பக்கத்துல தகரக் கூரைக்குக் கீழ மேஜையைப் போட்டேன். கேட்டு ஓரமா அஞ்சலை அக்கா பூக்கடை. நான் அடுக்கறதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"இன்னா சார் கடை?"

"தோல் சாமான் அக்கா."

"செருப்பு கீதா?"

"இல்லக்கா. பர்ஸு, பெல்ட்டு."

"செருப்பு வெச்சா போவும். பர்ஸ வாங்கி இன்னாத்த போடறது? இப்போ யாராண்ட சார் துட்டு கீது, அல்லாம் போன்லதான்."

கடை தொறந்து அஞ்சு நிமிஷம் ஆகல, என் தொழிலோட எதிர்காலம் முடிஞ்சு போச்சு. நான் கேக்காத மாதிரி கீசெயினை வரிசை வரிசையா எண் தெரியற மாதிரி அடுக்கினேன்.

முதல் ஆளா ஒரு மாமி வந்தாங்க. மடிசார் இல்ல, சாதாரணப் பட்டுப் புடவை, கைல துணிப்பை. மேஜைகிட்ட நின்னாங்க. கீசெயின் பக்கம் குனிஞ்சாங்க. என்ன பேசணும்னு வீட்டுல கண்ணாடி முன்னாடி பேசிப் பாத்திருந்தேன். "வாங்க மாமி, இது சுத்தமான..."ன்னு ஆரம்பிச்சேன்.

மாமி செருப்பைக் கழட்டி, கட்டை விரலால என் மேஜைக்கு அடில தள்ளிட்டு, அஞ்சாம் நம்பர் கீசெயினை எடுத்துக்கிட்டாங்க.

"அஞ்சு. ஞாபகம் வெச்சுக்கறேன். நீயும் பாத்துக்கோப்பா. போன தடவை புது செருப்பை எவனோ போட்டுண்டு போயிட்டான், வெறுங்காலோட ஆத்துக்குப் போனேன்."

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள படியேறிட்டாங்க. பின்னாடியே ஓடலாம்னா கடையைப் பாத்துக்க ஆளில்ல. கைல ஒரு பெல்ட்டோட அப்படியே நின்னேன்.

சுமதி உள்ளேர்ந்து போன் பண்ணா. "எப்படிப் போகுது?"

"கீசெயின் ஒண்ணு போயிருக்கு"ன்னேன். பொய் சொல்லலையே.

"எனக்கு ஆவாரம்பூ பாதி காலி"ன்னு வெச்சுட்டா.

அடுத்து ஒரு குடும்பம் வந்துச்சு. மாமியோட செருப்பு என் மேஜைக்கடில பத்திரமா இருக்கறதைப் பாத்தாங்க. அவங்களும் கழட்டிட்டாங்க. இந்தத் தடவை நான் தெளிவா சொல்லியிருக்கணும். "இது செருப்பு விடற எடமில்லங்க"ன்னு நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருந்தா இந்தக் கதையே இல்ல.

ஆனா எனக்குள்ள ஒரு வியாபாரி முழிச்சுக்கிட்டான். கூட்டம் இருக்கற கடைக்குத்தானே கூட்டம் வரும்? இவங்க உள்ள இருக்கற நேரம் முழுக்க என் கீசெயின் இவங்க கைல இருக்கும். தடவிப் பாப்பாங்க, தையலைப் பாப்பாங்க. வெளிய வரும்போது விட மனசு வராது, அப்ப விலையைச் சொல்லலாம். பெரிய கம்பெனிங்க எல்லாம் சாம்பிள் குடுக்கறதில்லையா? இப்படி நெனச்சுத்தான் அந்த வீட்டம்மா கைல நானே ஒரு ஆறாம் நம்பரை எடுத்துக் குடுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தல.

அதுக்கப்புறம் அஞ்சலை அக்கா களத்துல எறங்கிட்டாங்க. செருப்பு விட நிக்கறவங்க பூவும் வாங்கறாங்கன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. சந்து முனை வரைக்கும் கேக்கற மாதிரி கொரல் குடுக்க ஆரம்பிச்சாங்க.

"செருப்ப சாராண்ட வுட்டுட்டு போங்கம்மா. டோக்கன் தராரு, துட்டு கெடையாது. பூ வாங்கிக்கினு போங்க."

"அக்கா, நான் கடை போட்டிருக்கேன்"னேன்.

"நானும்தான் சார் போட்டுக்கினு கீறேன். உன்னால எனக்கு யாவாரம் ஆவுது, என்னால உனக்குக் கூட்டம் வருது. இன்னா கஷ்டம் உனக்கு?"

கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. கூட்டம் வந்துச்சு, கீசெயினும் மளமளன்னு போச்சு. அதுவும் சும்மா ஏதோ ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போகல, பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாங்க. "இருபத்திமூணு பிறந்த தேதி சார், அஞ்சு குடுங்க"ன்னாரு ஒருத்தர். "எனக்கு ஆறு ஆகாது, மூணு இருக்கா?"ன்னு ஒரு அம்மா. என் அதிர்ஷ்ட எண் யோசனை அமோக வெற்றி. காசு குடுத்து வாங்கணும்னுதான் ஒருத்தருக்கும் தோணல.

எட்டை மட்டும் யாரும் தொடல. ஒருத்தர் கைல எட்டை வெச்சுட்டேன், சுட்டுட்ட மாதிரி கீழ வெச்சாரு.

"எட்டு வேண்டாம் சார். போன வருஷம் எட்டாம் நம்பர் வீட்டுக்குக் குடி போனோம். மாமியார் ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னு வந்தாங்க. இன்னும் இருக்காங்க."

அவருக்கு ஒம்பது குடுத்து அனுப்பினேன்.

செருப்புங்களையும் ஒழுங்காத்தான் வெச்சேன், அதைச் சொல்லணும். மேஜைக்கடில எண் வாரியா வரிசை. அஞ்சாம் நம்பர் வரிசை நீண்டுக்கிட்டே போய் செவுத்தைத் தொட்டுச்சு. ஒரே நம்பர்ல இத்தனை பேர் இருக்காங்களேன்னு ஒரு தடவை லேசா தோணுச்சு. முகத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டா போச்சுன்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். என் கல்யாண ஆல்பத்துல பாதி பேர் யாருன்னு எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஆளு சொல்ற சமாதானம் இது.

நடுவுல ஒரே ஒரு நிஜமான வாடிக்கையாளர் வந்தாரு. சின்ன வயசுப் பையன், நல்ல ஷூ. என் பர்ஸை எடுத்தான். பிரிச்சுப் பாத்தான். தோல் தெரிஞ்சவன்தான், மோந்து கூட பாத்தான். "கையால தெச்சதா சார்? எவ்ளோ?"ன்னு கேட்டான்.

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை ஞாயித்துக்கிழமை காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா. தொண்டையைச் செருமிக்கிட்டு விலையைச் சொல்லப் போனேன். அதே நேரத்துல ஒரு அம்மா கொழந்தையோட ஈரச் செருப்பை நேரா மேஜை மேல, பர்ஸுங்களுக்கு நடுவுல வெச்சு, "இதையும் இதே டோக்கன்ல சேத்துக்கோங்க"ன்னாங்க.

பையன் அந்தச் செருப்பைப் பாத்தான், மேஜைக்கடில பாத்தான், என்னைப் பாத்தான்.

"ஓ, நீங்க செருப்பு பாத்துக்கறவரா? சாரி சார்"னு பர்ஸை வெச்சுட்டு, ஷூவைக் கழட்டி, சாக்ஸை உருட்டி உள்ள திணிச்சு என் கைல குடுத்தான். ரெண்டாம் நம்பர் எடுத்துக்கிட்டான்.

எனக்கு நிஜமாவே அழுகை வந்துச்சு. வெளிக்காட்டிக்கல. சாக்ஸ் வேற பக்கத்துல இருந்துச்சு.

மத்தியானத்துக்கு மேல புதுப் பழக்கம் ஒண்ணு ஆரம்பிச்சுது. ஜரிகை வேட்டி கட்டின ஒரு பெரியவர் செருப்பைக் கழட்டினாரு. புத்தம் புதுச் செருப்பு, அடில விலைச் சீட்டு கூட உரிக்கல. "கண்காட்சி பாத்துட்டு அப்படியே கோயிலுக்கும் போயிட்டு வந்து எடுத்துக்கறேன். அங்க விட்டா நம்ப முடியாது"ன்னாரு. ஒண்ணாம் நம்பரை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"டோக்கன் ரொம்ப நல்லா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"நானே செஞ்சது சார். கையால."

"டோக்கன் கூட நீங்களே செய்யறீங்களா?" அவரு தோளைத் தட்டினாரு. "எந்த வேலையா இருந்தாலும் இப்படி ஈடுபாடு வேணும்."

அவரு சொன்னது காதுல விழுந்து, பின்னாடி நின்ன நாலு பேரும் கோயிலுக்குக் கெளம்பிட்டாங்க, செருப்பை என்கிட்டயே விட்டுட்டு. அப்புறம் வந்தவங்கள்லயும் நெறைய பேர் அதையே பண்ணாங்க.

நாலு மணி இருக்கும். வானம் கறுத்துச்சு. மழை வரப் போகுதுன்னு யாரோ உள்ள சொல்லியிருக்கணும், மண்டபம் மொத்தமும் ஒரே நேரத்துல படியில எறங்குச்சு.

"அஞ்சு"ன்னு ஒரு கை நீண்டுச்சு.

"அஞ்சு சார், சீக்கிரம்."

"எனக்கும் அஞ்சு."

"அஞ்சுப்பா. பாத்துக்கோன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" அது மாமி.

நான் அஞ்சாம் வரிசைலேர்ந்து ஒரு ஜோடியை எடுத்து நீட்டினேன். "இது என்னோடது இல்லை"ன்னாங்க. அடுத்த ஜோடியை எடுத்தேன். "இதுவும் இல்லை." அதைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. "ஆனா இது நன்னா இருக்கே"ன்னு காலை விட்டுப் பாத்தாங்க. அந்த ஜோடிக்குச் சொந்தக்காரம்மா பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"மாமி, அது என் செருப்பு."

"உனக்கு என்ன நம்பர்?"

"அஞ்சு."

"எனக்கும் அஞ்சுதாம்மா."

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. என் வாழ்க்கைல பெண்கள் இவ்வளவு ஒற்றுமையா என்னை முறைச்சதில்ல. அதுக்குள்ள பின்னாடி ஆறாம் நம்பர்க்காரங்க சத்தம் போட ஆரம்பிச்சாங்க. ஒருத்தர், "ஒரே நம்பரை எத்தனை பேருக்குய்யா குடுப்பே? செருப்பு திருடற கூட்டமா நீங்க?"ன்னாரு. வரதன் சார் ஓடி வந்தாரு. அவரு பின்னாடி சுமதி.

சுமதி மேஜையைப் பாத்தா. மேஜைக்கடில பாத்தா. என் ரெண்டு கைலயும் இருந்த செருப்புங்களைப் பாத்தா.

"கீசெயின் போயிருக்குன்னீங்களே?"

"போச்சு"ன்னேன். "எல்லாம் போச்சு."

காப்பாத்தினது அஞ்சலை அக்காதான். ஸ்டூல் மேல ஏறி நின்னு ஒரு அதட்டல் போட்டாங்க.

"இன்னாத்துக்கு அந்த ஆள போட்டு நசுக்கறீங்க? அவுங்கவுங்க செருப்பு அவுங்கவுங்களுக்குத் தெரியாதா? குனிஞ்சு எடுத்துக்கினு போய்க்கினே இருங்க. டோக்கன என் கூடைல போட்டுட்டுப் போங்க."

ரெண்டே நிமிஷத்துல கூட்டம் கலைஞ்சுது. இதை ஏன் நான் யோசிக்கலைன்னு கேக்காதீங்க. நான் நம்பர் தேடிக்கிட்டு இருந்தேன்.

கூடைல கொஞ்சம் கீசெயின் விழுந்துச்சு. நெறைய விழல. மாமி கடைசியா தன்னோட ஜோடியைக் கண்டுபிடிச்சுக்கிட்டு, அஞ்சாம் நம்பரையும் இடுப்புல சொருகிக்கிட்டு நடந்துட்டாங்க. அந்த ஷூ போட்ட பையன் மட்டும் நின்னு ரெண்டாம் நம்பரை என் கைலயே குடுத்து, "தேங்க்ஸ் சார், நல்ல சர்வீஸ்"னான்.

மழையும் வந்து போச்சு, வெளக்கும் போட்டாங்க. கோயிலுக்குப் போனவங்கதான் வரல. மேஜைக்கடில இன்னும் ஒரு சாக்கு நெறையற அளவுக்குச் செருப்பு. வரதன் சார் கேட்டைப் பூட்ட சாவியோட வந்துட்டாரு.

"சார், இதை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுங்க, காலைல வந்து எடுத்துப்பாங்க"ன்னேன்.

"செருப்பையா? சன்னதி இருக்கற எடத்துலயா?"

"அப்ப இங்கயே விட்டுட்டுப் போகவா?"

"டோக்கன் போட்டு வாங்கினது நீங்கதானே? பொறுப்பா எடுத்துண்டு போங்கோ. யாராவது வந்தா உங்க அட்ரஸைக் குடுத்து அனுப்பறேன்." போகும்போது நின்னு, "ஒண்ணு சொல்றேன், எந்தக் கண்காட்சிலயும் வாசல் இவ்வளவு ஒழுங்கா இருந்ததில்லை"ன்னாரு. பாராட்டாத்தான் சொன்னாரு.

அஞ்சலை அக்கா காலி பூச்சாக்கு ஒண்ணைக் குடுத்தாங்க. மத்தவங்க செருப்பை ஒண்ணொண்ணா எடுத்து அதுல போட்டேன். காலைல ஒரு பையோட வந்தவன், சாயங்காலம் அதே பையோட ஒரு சாக்கு மூட்டையும் தூக்கிக்கிட்டு ஆட்டோல ஏறினேன். சுமதி மடில ரெண்டு காலிப் பெட்டி. ஒண்ணுக்குள்ள ஒண்ணைப் போட்டு வெச்சிருந்தா.

ஆட்டோ முதல் சிக்னல்ல நின்னதும் நான்தான் ஆரம்பிச்சேன்.

"பாரு, சாக்குல இருக்கறது என் சரக்கு இல்ல."

"நான் சரக்குன்னு சொல்லல. யாரு அதிகமா வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றாங்களோன்னுதான் சொன்னேன்."

"கீசெயின் முக்காவாசி தீந்துடுச்சு. எட்டுதான் மிச்சம்."

"காசு எங்க?"

ஆட்டோக்காரரை சாட்சிக்குக் கூப்பிட்டேன். "நீங்களே சொல்லுங்கண்ணே, யாரு சாமான் அதிகம்?"

அவரு கண்ணாடில சாக்கைப் பாத்தாரு. "மேடம் கைல ஒண்ணுமே இல்லையே சார். உங்களோடது வண்டியே ஒரு பக்கமா சாஞ்சுக்கினு போவுது."

அன்னிக்கு ராத்திரியே ரூமைக் காலி பண்ணேன். தோல் சுருள், ஊசி, மரச் சுத்தி, எண் அச்சு எல்லாம் கட்டிலுக்கடில பாத்திரத்துக்குப் பக்கத்துல போச்சு. சுமதி அலமாரியைத் தொடச்சு சோப்பை அடுக்கினா. உள்ளுக்குள்ள பாவமா இருந்திருக்கும் போல, ராத்திரி தோசை கேக்காமலே இன்னொண்ணு போட்டா. எனக்குத் தோல்வியை விட அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

மறுநாள் காலைல ஆபீஸுக்கு லீவு சொன்னேன். காரணம் கேட்டாங்க, செருப்புன்னு சொல்ல முடியல, வயித்து வலின்னேன்.

எட்டு மணிலேர்ந்து காலிங் பெல். வாட்ச்மேன் கீழ ஒரு வரிசையே நிக்குதுன்னு இண்டர்காம்ல சொன்னாரு. ஒவ்வொருத்தரா வெறுங்காலோடயும் கடன் வாங்கின செருப்போடயும் மேல வந்தாங்க. வாசல்ல சாக்கை விரிச்சு வெச்சுட்டேன், அவங்கவங்களே எடுத்துக்கட்டும்னு. ஒரு விஷயமாவது கத்துக்கிட்டேனே. டோக்கனைத் திருப்பிக் குடுத்தாங்க, நானும் பேசாம வாங்கி வெச்சேன். மேல் வீட்டம்மா படியில எறங்கும்போது நின்னு வேடிக்கை பாத்துட்டு, சுமதி கிட்ட, "அவருக்கு வேலை போயிடுச்சா?"ன்னு மெதுவா கேட்டாங்க.

கடைசியா வேட்டிப் பெரியவர் வந்தாரு. ராத்திரி பூரா புதுச் செருப்பை நெனச்சுத் தூங்கலையாம். கண்டவுடனே மொகம் மலர்ந்துச்சு. காலை நுழைச்சு ரெண்டு அடி நடந்து பாத்தாரு.

"டோக்கன் சார்"னேன்.

அவரு ஜிப்பா பைல கையை விட்டாரு. ஒண்ணாம் நம்பர் கீசெயின் வெளிய வந்துச்சு. அதுல வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி எல்லாம் தொங்குது.

"நேத்து கோயில்ல உக்காந்திருக்கும்போது சும்மா மாட்டிப் பாத்தேன். கைக்கு அடக்கமா இருக்கு. பழைய வளையத்தைத் தூக்கிப் போட்டுட்டேன்." கொஞ்சம் தயங்கினாரு. "டோக்கனைத் தொலைச்சுட்டேன்னு வெச்சுக்கோங்களேன். அபராதம் எவ்வளவு?"

கீசெயின் விலையைச் சொன்னேன்.

"ஒரு டோக்கனுக்கா? அநியாயம்"னாரு. சாவிக் கொத்தை ஒரு தடவை பாத்தாரு. நோட்டை எடுத்து நீட்டினாரு. "தொலைச்சது என் தப்பு, கட்டித்தானே ஆகணும்"னு சொல்லிக்கிட்டே சாவியை ஆட்டிக்கிட்டுப் படியெறங்கிப் போனாரு.

கதவைச் சாத்திட்டு அந்த நோட்டோட அங்கயே நின்னேன். முன்பின் தெரியாத ஒருத்தர், நான் கையால செஞ்சதை விட மனசில்லாம காசு குடுத்திருக்காரு. சுமதி ரூம்லேர்ந்து எட்டிப் பாத்தா.

"வித்துட்டேன்"னேன்.

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அது விக்கறது இல்லங்க, வசூல்"னா. ஆனா சிரிச்சா.

இருக்கட்டும். அந்த நோட்டை இன்னும் செலவு பண்ணல. பத்திரமா என் பர்ஸ்ல வெச்சிருக்கேன். நானே தெச்ச பர்ஸ்தான், அதை யாரும் வாங்கல.